மருதாசலத்தின் இரண்டு சேமியா

ஓமலூர்ப் பக்கம் மருதாசலம் என்றால் சேமியா. இருபது வருடமாகப் பாக்கெட்டில் அவர் பெயர்தான், கொட்டை எழுத்தில். எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் பாயசம் வந்ததும், "நம்முளுதுங்க" என்று பக்கத்து இலைக்காரருக்குத் தகவல் கொடுப்பார்.

போன வருடம் சேலத்துப் பெரிய கடை ஒன்றிலிருந்து மதன் என்ற மேனேஜர் வந்தார்.

"ஏனுங்க, வாரத்துல மூணு நாள் உங்க மிஷின் சும்மாதானுங்க நிக்குது? எங்க கடை பேருல ஓட்டிக் குடுங்க. நீங்க மாட்டேன்னா இன்னொருத்தர் குடுப்பாரு."

மருதாசலத்தின் மானம் அரைமணி நேரம் தாக்குப்பிடித்தது. தன்னிடம் வேலை பார்க்கும் நாற்பது பெண்களுக்கு வாரம் முழுக்க வேலை கிடைக்குமே என்று, பெரிய தியாகி போலச் சம்மதித்தார். அதே மாவு, அதே மிஷின், கவர் மட்டும் வேறு. விளம்பரச் செலவு இல்லாததால் கடைச் சேமியா விலை குறைவு.

ஜனங்கள் முட்டாள்கள் இல்லை. அதுதான் அவருக்குப் பெரிய ஏமாற்றம். ஆறே மாதத்தில் கடைச் சேமியா பறந்தது, அதே கடையில் அவர் பெயர் போட்டது தூசி படிந்து கிடந்தது. தன் சேமியா மேலேயே வயிறெரிந்த ஒரே முதலாளி அவராகத்தான் இருப்பார். கடைச் சேமியாவை மட்டமாக்கிவிட்டால் தன் பெயர் பிழைக்கும் என்று முடிவு செய்தார். வெள்ளிக்கிழமை கடைக் கவர் ஓட்ட வேண்டிய நாள். வியாழக்கிழமை சாயங்காலம் பெண்கள் கிளம்பியதும், பேக்கிங் தொட்டியில், வெந்தால் குழைந்துபோகும் உடைசல் சேமியாவைத் தன் கையாலேயே கொட்டினார்.

காலையில் ஒரு முகூர்த்தத்துக்குப் போய்விட்டு வந்தபோது லோடு கிளம்பியிருந்தது. மிஷினில் மாட்டியிருந்தது அவருடைய கவர்.

"கடைக் கவர் மாட்டலையா?" என்று பேக்கிங் பார்க்கும் அறிவுச்செல்வியிடம் கத்தினார்.

"வெள்ளிக்கெழமைங்களே! பூசை போட்டு மொதத் தொட்டி நம்ம கவருலதானுங்க ஓட்டோணும்? நீங்க வெச்ச வழக்கம்தானுங்க."

திட்டக்கூட முடியவில்லை. திட்டினால் காரணம் சொல்ல வேண்டும்.

இரண்டு வாரத்தில் மதன் போன் செய்தார். "உங்க சேமியா கஞ்சியாப் போகுதுன்னு ஒரே புகாருங்க. இனி எங்க கடையில வேண்டாமுங்க. ஆனா எங்க கவருல வாரது அருமைங்க. அதையே ஆறு நாளும் ஓட்டுங்க."

மருதாசலம் போனை மறு காதுக்கு மாற்றினார். "சரிங்க" என்றார்.

"இன்னொண்ணுங்க. இதை ஆரு பண்றாங்கன்னு ஜனங்க கேக்கறாங்க. உங்க பேரு தெரிஞ்சா வாங்க மாட்டாங்க. வெளிய சொல்லிப்போடாதீங்க."

"சொல்ல மாட்டேனுங்க" என்றார் மருதாசலம்.