ஸாம்பேத்தாவின் எட்டு

கதவைப் பாதி திறந்து, ஆள்காட்டி விரலை நாக்கில் தடவி வெளியே நீட்டுகிறார் ஸாம்பேத்தா. கண்ணை மூடி ஐந்து வரை எண்ணுகிறார். "எட்டு" என்று சொல்லிக் கதவைச் சாத்துகிறார். வெளியே கடல் தட்டில் ஊற்றிய பால் மாதிரி அசையாமல் கிடக்கிறது. கேட்டால், "இந்தப் பக்கம் அப்படித்தான் இருக்கும். துறைமுகப் பக்கம் ஆளைத் தூக்குது" என்பார்.

எங்கள் தீவில் காற்றை எண்ணால்தான் சொல்வோம். இரண்டு என்றால் கப்பல் போகும், எட்டு என்றால் கப்பலுக்குத் தடை. அதை அறிவிக்க வேண்டியவர் டிக்கெட் விற்பவர். டிக்கெட் விற்பவர் ஸாம்பேத்தா, விற்கும் இடம் அவருடைய காபிக் கடை. துறைமுகமோ மலைக்கு அந்தப் பக்கம். அங்கே போக இருக்கும் ஒரே வண்டி பாதிரியாருடையது. அவர் எங்கள் சீட்டு மேஜையில் இரண்டாவது ஆள், நான் மூன்றாவது. பிரிபா ஆட்டத்துக்கு நாலு பேர் வேண்டும். நாலாவது ஆளான ரொட்டிக்கடை இசிதோரோஸ் நவம்பரில் ஏதென்ஸுக்கு மகள் வீட்டுக்குப் போனால் ஏப்ரலில்தான் திரும்புவார். ஆகவே குளிர்காலத்தில் இங்கே வந்துசேரும் பயணிகளுக்கு வானிலை சரியாக அமைவதில்லை.

எல்லோருக்கும் எட்டு கிடைத்துவிடாது. வந்தவர் முன்னால் கொண்டைக்கடலைச் சூப்பை வைத்து, பக்கத்திலேயே சீட்டுக்கட்டையும் வைப்பார். ஆடத் தெரியாதவர், சூப்பைப் படம் எடுப்பவர், அமைதியைத் தேடி வந்ததாகச் சொல்பவர் எல்லோருக்கும் இரண்டுதான். போன ஜனவரியில் கூரை ஓடு பறந்த நாளில், யோகா ஆசிரியை ஒருவரை "ரெண்டுதாம்மா, சீக்கிரம் கிளம்பு" என்று அனுப்பிவைத்தார். அந்தப் பெண் துறைமுகத்தில் மூன்று நாள் காத்திருந்தாள்.

இந்த முறை மாட்டியவர் யோஸ்ட், ஓய்வுபெற்ற ஹாலந்து நில அளவையாளர். எங்கள் மொழியைப் புத்தகத்தில் படித்தவர். வந்த அன்றே எங்களை மண்ணைக் கவ்வ வைத்தார். அதன்பின் மூன்று கப்பல்கள் அவர் இல்லாமல் போயின.

"அம்மையீர், என் கைபேசி இரண்டு என்றல்லவா காட்டுகிறது?"

"அது ஏதென்ஸ் காத்தைச் சொல்லுது. எங்க ஊர் காத்தைப் பத்தி உன் போனுக்கு என்ன தெரியும்? சீட்டைப் போடு."

யோஸ்ட் பாதிரியாரைப் பார்த்தார். பாதிரியார் பொய் சொல்லக் கூடாதவர், அதனால் இருமினார்.

வெள்ளிக்கிழமை மதியம். அன்றைய கப்பலுக்கும் எட்டு அறிவித்தாகிவிட்டது. யோஸ்ட் திடீரென்று சீட்டைக் கவிழ்த்து வைத்தார்.

"நாளை என் மகளுக்குப் பிரசவ நாள். அவளுக்குத் தாய் இல்லை. உடன் இருப்பேன் என்று வாக்களித்திருந்தேன். காற்றை நான் குறை கூறவில்லை."

எனக்கு வெட்கமாக இருந்தது. கையில் அவ்வளவு நல்ல சீட்டு வீணாகிறதே என்றும் இருந்தது, மறைப்பானேன்.

ஸாம்பேத்தா எழுந்து கதவைத் திறந்து விரலை நீட்டினார். இந்த முறை எண்ணவே இல்லை.

"இறங்கிடுச்சு. ரெண்டுதான்" என்றார், யோஸ்ட்டின் முகத்தைப் பார்க்காமல். "பாதர், வண்டியை எடுங்க. கப்பலுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு."

பாதிரியார் இருமாமல் எழுந்தார்.

வண்டிச் சத்தம் மலையைத் தாண்டி அடங்கியது. ஜன்னல் கண்ணாடி லேசாக அதிர்ந்தது. உண்மையிலேயே கொஞ்சம் காற்று கிளம்பியிருந்தது. நான் சீட்டைக் கலைத்துக்கொண்டு காத்திருந்தேன். ஸாம்பேத்தா மேஜைக்கு வரவில்லை. வாசலிலேயே நின்று, மலைக்கு அந்தப் பக்கம் கப்பல் கிளம்பும் நேரம் தாண்டும்வரை, விரல் காயக் காய நனைத்து நீட்டிக்கொண்டிருந்தார்.