நிறுக்காத கொழுந்து

என் வீட்டுக்காரர் மலைச்சரிவில் வழுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார். ஈப்போவில் ஆபரேஷன் முடிந்து மயக்கம் தெளிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "நாய் எங்க?" என்பதுதான். இரண்டு நாளாக ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்து இடுப்பு கழன்று போயிருந்த எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நான் ஒருத்தி இங்க உக்காந்திருக்கேன், கண்ணுக்குத் தெரியுதா?"

"நீ இருக்கேன்னு தெரியும்லா. அது எங்கன்னுதான் தெரியல" என்றார்.

எனக்கும் தெரியாது. விழுந்தவரைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் ரோட்டுக்கு ஓடினார்கள். நான் ஆம்புலன்ஸில் ஏறிவிட்டேன். அந்த நேரத்தில் நாயை யார் நினைப்பது? மறுநாள் காலை பஸ் பிடித்து மலையேறி, தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லைன் வீட்டுக்கு வந்தேன். வாசலில் நாய் இல்லை. கங்காணியைத் தேடிப் போனேன்.

"மேல, அண்ணன் கொழுந்து வெட்டிக்கிட்டிருந்த எடத்துலயே கெடக்குது அக்கா. அவரு கொழுந்துச் சாக்க எடுக்கப் போனோம், பல்லக் காட்டுது. மத்தியானம் அங்க புல்லுக்கு மருந்தடிக்க ஆள் வருது. அதுக்குள்ள எறக்கிருங்க. மருந்து பட்ட புல்ல நக்குச்சுன்னா பொழைக்காதுலா."

அந்த நாய்க்கும் எனக்கும் ஒத்துப்போனதே கிடையாது. குட்டியாக இருந்தபோது பிரிஞ்சாங் சந்தையில் முட்டைக்கோஸ் பெட்டிக்குள் கிடந்ததை இவர்தான் தூக்கிக்கொண்டு வந்தார். சோறு போடுவது நான், வாலாட்டுவது அவருக்கு. இருந்தாலும் சார்டின் மீன் பிசைந்த சோற்றைத் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு, வலிக்கிற முட்டியோடு மலை ஏறினேன்.

தேயிலைச் செடிகளுக்கு நடுவில் சாக்கின்மேல் மோவாயை வைத்துப் படுத்திருந்தது. இரண்டு ராத்திரி மழையில் நனைந்து விலா எலும்பு தெரிந்தது. சோற்றை வைத்தேன், திரும்பிப் பார்க்கவில்லை. கெஞ்சினேன், திட்டினேன். அவருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"வாடா, வீட்டுக்குப் போடா" என்று அவர் குரல் கேட்டதும் காதை நிமிர்த்தி எழுந்தது. கீழே பாதையைப் பார்த்தது. ஆளைக் காணவில்லை என்றதும், முன்னைவிட அழுத்தமாகச் சாக்கை அணைத்துக்கொண்டு படுத்துவிட்டது. எஜமான் பக்கத்தில் இருக்கிறார், இனிமேல் நகரவே கூடாது என்று நினைத்ததோ என்னவோ. நான் சாக்கைத் தொட்டேன். என்னைப் பார்த்து அது முதல்முறையாக உறுமியது அன்றுதான். பயத்தில் அல்ல, ஆத்திரத்தில் அழுதேன். இன்னும் இரண்டு மணி நேரத்தில் மருந்தடிக்க ஆள் வந்துவிடும்.

அப்படியே உட்கார்ந்திருந்தபோதுதான் புத்தியில் உறைத்தது. முட்டி வலி வரும்வரை நானும் இதே மலையில் கொழுந்து வெட்டியவள். சாயங்காலம் லோரியடியில் கொழுந்து நிறுக்கும்போது அந்த நாய் அவருடைய சாக்கின் பக்கத்திலேயே நிற்கும். சாக்கு தராசுக் கொக்கியில் ஏறினால்தான் அங்கிருந்து நகரும். ஏறியதும் வீட்டைப் பார்த்து ஒரே ஓட்டம். சோற்றுக்குத்தான் ஓடுகிறது என்று நினைத்திருந்தேன். இந்தச் சாக்கு இன்னும் நிறுக்கப்படவில்லை. அதற்கு வேலை முடியவில்லை.

தட்டுத்தடுமாறி இறங்கி, கங்காணியிடம் தராசை மேலே கொண்டுவரச் சொன்னேன்.

"அழுகிப்போன கொழுந்த நிறுக்கவா? துரை பாத்தா என்ன நெனைப்பாரு அக்கா?"

"எனக்குப் பைத்தியம்னு சொல்லிருங்க. தராசு வரணும்."

நல்ல மனுஷன். சிரித்துக்கொண்டே இரண்டு ஆட்களுடன் தராசையும் அதைத் தொங்கவிடும் கம்பையும் தூக்கிக்கொண்டு வந்தார். கொக்கி கணகணவென்று ஆடிய சத்தம் கேட்டதும் நாய் எழுந்தது. கால்கள் நடுங்கின. ஆனாலும் ஒதுங்கி வழி விட்டது. சாக்கைக் கொக்கியில் மாட்டும்வரை கண்ணெடுக்காமல் பார்த்தது. கங்காணி பழக்கதோஷத்தில் எடையைச் சத்தமாகச் சொன்னார். நாய் உடம்பை ஒருமுறை உதறிக்கொண்டு, எங்களில் யாரையும் சட்டை செய்யாமல் சரிவில் இறங்கி வீட்டைப் பார்த்து ஓடியது. கங்காணி சிரிப்பதை நிறுத்திவிட்டார். எத்தனையோ வேலைக்காரர்களைப் பார்த்திருக்கிறேன், நானும் நன்றாக வேலை செய்தவள்தான். இப்படி ஒரு வேலைக்காரனைப் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்து சோறு வைத்துவிட்டு ஈப்போவுக்குப் போன் போட்டேன்.

"வந்துருச்சு" என்றேன். அந்தப் பக்கம் அவர் அழுதார். எனக்கும் அழுகை வந்தது. அதை மறைக்கச் சத்தம் போட்டேன்.

"வாயில்லா ஜீவன இப்படியா காவலுக்குப் பழக்கி வப்பீங்க? இன்னைக்குச் செத்திருக்கும், தெரியுமா?"

"நான் எங்கடி பழக்குனேன்?" என்றார். "ஒரு நாளும் அத அங்க இருன்னு சொன்னதில்ல. சாக்க வச்சுட்டு நான் மேல வெட்டப் போவேன். அதுவா வந்து பக்கத்துல படுத்துக்கும்."

வாசலில் நாய் தட்டை நக்கிக்கொண்டிருந்தது. யாரும் சொல்லாத காவலுக்கு அது உயிரையே கொடுக்க இருந்தது.