கோடு போட்ட கிண்ணம்

என் சமையலறை ஜன்னல் விளிம்பில் ஒரு பிளாஸ்டிக் கிண்ணம் கவிழ்ந்து கிடக்கிறது. மருந்தளக்க ஆஸ்பத்திரியில் கொடுப்பார்களே, பக்கவாட்டில் கோடு போட்டது, அந்த ஜாதி. கோடுகளில் பாதி அழிந்துவிட்டது. வீட்டுக்கு வருகிறவர்கள் குப்பை என்று நினைத்து எடுத்துப் போடப் பார்ப்பார்கள். அதற்கு நேர் மேலே, கம்பியில் தொங்குகிறது அந்தக் கிண்ணத்துக்குச் சொந்தமான செடி. சின்ன மண்தொட்டி. அதன் விளிம்பைத் தாண்டி நூல் நூலாக வழிகிறது கொடி. ஒவ்வொரு நூலிலும் பச்சைப் பட்டாணி கோத்ததுபோல் உருண்டை உருண்டையாக என்னவோ இருக்கும். அவைதாம் இலைகள் என்று யாராவது சொன்னால்தான் தெரியும். ஆங்கிலத்தில் முத்துச்சரம் என்று பொருள்படும் பெயர் ஒன்று இதற்கு உண்டு. என் அத்தான் வைத்த பெயர் பட்டாணிக்கொடி. அக்காவுக்கு அது எப்போதும் 'அந்தச் செடி'.

இது என் பொறுப்பில் இருக்கிறது என்றால் என்னை அறிந்தவர்கள் நம்ப மாட்டார்கள். நான் இதுவரை கொன்ற செடிகளில் கள்ளியும் அடக்கம். தோட்டக்கலை பற்றி அலமாரியில் ஒரு தட்டு நிறையப் புத்தகம் வைத்திருக்கிறேன். அதில் ஒன்றை வாசித்துக்கொண்டிருந்தபோதுதான் பக்கத்திலிருந்த மணிபிளான்ட் வாடிச் செத்தது. அப்படிப்பட்டவனிடம் இது வந்து சேர்ந்ததற்குக் காரணம் இருக்கிறது. அதற்கு அத்தானிடமிருந்து தொடங்கவேண்டும்.

அத்தான் காப்பீட்டு முகவர். அந்தத் தொழிலை அவர் வாயால் செய்தார் என்று ஊரில் சொல்வார்கள். எனக்குத் தெரிந்து தொண்டையால் செய்தார். ஒருவர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அவர்கள் கொடுத்ததைக் குடித்து முடிக்காமல் அவர் பையைத் திறந்ததே இல்லை. தே, கோப்பி, ரோஜாப்பாகு கலந்த பண்டோங், மோர், பெயர் தெரியாத கஷாயம், எதுவானாலும் சரி. "டம்ளர் காலியாகிற வரைக்கும் அவங்க நம்மள விருந்தாளியா நினைப்பாங்க மாப்ள. காலியானப்புறம் சொந்தக்காரனா நினைப்பாங்க," என்பார். அவரோடு தேக்கா கடைத்தெருவில் நடப்பது எனக்குத் தண்டனை. சிராங்கூன் சாலையில் பூக்கடைக்காரர் கூப்பிடுவார், மளிகைக்கடை பாய் கூப்பிடுவார், நகைக்கடை வாசலில் நிற்கும் காவலாளிகூடக் கூப்பிடுவார். ஒரு முழம் பூ வாங்கப் போனவர் வயிறு நிறையத் தேநீரோடு, பூவில்லாமல் வீடு திரும்புவார்.

இப்படிப்பட்ட மனிதருக்குத்தான் சிறுநீரகம் கைவிட்டது. நீரிழிவு வெகுநாளாக உள்ளே இருந்து செய்த வேலை. வாரத்தில் மூன்று நாள் உட்லண்ட்ஸில் அவர் வீட்டுக்கு அடுத்த அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்திலிருந்த ரத்தச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய் நாற்காலியில் சாய்ந்துகொள்ளவேண்டும். அதைக்கூட அவர் பொறுத்துக்கொண்டார்; பக்கத்து நாற்காலியில் பேச ஆள் இருந்தது. அவரை உடைத்தது தண்ணீர்க் கட்டுப்பாடு. குடிக்கும் தண்ணீர் வெளியேற வழியில்லை, உடம்பிலேயே தங்கும், நெஞ்சில் ஏறும் என்றார்கள். அன்றன்றைக்கு உரிய தண்ணீரை அக்கா காலையில் இந்தக் கிண்ணத்தால் அளந்து ஒரு சின்ன பாட்டிலில் ஊற்றி வைப்பாள். தேநீர், ரசம், சோற்றில் விடும் மோர் எல்லாம் அந்தக் கணக்கில் கழியும். எங்கள் வீட்டில் அன்பு என்றால் ஊற்றுவது. அம்மா ஊற்றினாள், அக்காவும் ஊற்றினாள். அளந்து ஊற்றுவதற்கு அவள் கைக்குப் பழக்கமில்லை. முதல் சில வாரங்கள் கிண்ணத்தைக் கோடு வரை நிரப்பிவிட்டு, அதன்மேல் ஒரு சொட்டு விடலாமா என்று யோசித்து நிற்பாள். நான் பார்த்திருக்கிறேன்.

செடியைக் கொடுத்தது அந்தப் பக்கத்து நாற்காலிதான். அதில் ஒரு சீன ஆன்ட்டி. தன் வீட்டுத் தொட்டியிலிருந்து நாலு நூல் வெட்டி, ஈரக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு வந்து தந்தாராம். "எவ்ரிடே காச்சாவ், ஷீ டை. யூ ஃபர்கெட், ஷீ ஹேப்பி லா," என்றும் சொன்னாராம். தினமும் போய் நோண்டினால் செத்துவிடும், மறந்துவிட்டால் சந்தோஷமாக இருக்கும். இதைவிடச் சுருக்கமாகச் சொல்லும் தோட்டக்கலைப் புத்தகம் என் அலமாரியில் இல்லை.

அத்தான் மறக்கத் தயாராக இருந்தார். மறக்க முடியாதவள் அக்கா. அவளுக்கு ஒரு சிக்கல். பூஜையில் வைத்த செம்புத் தண்ணீரைச் சாக்கடைக்குப் போகும் வழியில் ஊற்றக்கூடாது, செடியின் வேரில்தான் விடவேண்டும். அதுவரை அந்தத் தண்ணீர் தாழ்வாரத்திலிருந்த கறிவேப்பிலைக்குப் போய்க்கொண்டிருந்தது. நடைபாதையை அடைக்கிறது என்று நகர மன்றத்திலிருந்து காலிபண்ணச் சொன்னதும் கறிவேப்பிலை கீழேயுள்ள சமூகத் தோட்டத்துக்குக் குடிபெயர்ந்தது. ஒரு செம்புத் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு தினமும் லிஃப்டில் இறங்க முடியுமா? வீட்டில் மிச்சமிருந்த ஒரே மண் பட்டாணிக்கொடியின் தொட்டியில் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது அத்தான் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பட்டாணிகள் பழுத்து, தொட்டால் கூழாக ஒட்டின.

"தானாச் சாகல மாப்ள. மூழ்கிச் செத்திருக்கு."

அக்கா அடுப்படியிலிருந்தே குரல் கொடுத்தாள். "சாமித் தண்ணிய சிங்க்குலயா ஊத்தச் சொல்றீங்க?"

"அதுக்காகக் கொலை பண்ணலாமா?"

"செம்புல இருக்கிறதே ரெண்டு மடக்கு. துளசி போட்ட தண்ணி. அதைக் குடிச்சுட்டுச் சாகிற செடி என்னங்க செடி?"

"என்னை மாதிரி செடி," என்றார் அத்தான்.

சிரிப்பதற்காகச் சொன்னார். நான் சிரிக்க வாயைத் திறந்து அப்படியே மூடிக்கொண்டேன். அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றுவிட்டது. உவமை என்பது எழுதுகிறவர்கள் மெனக்கெட்டுத் தேடுவது என்று நினைத்திருந்தேன். அவருக்கு அது மடியிலேயே கிடந்தது.

அழுகாத துண்டுகள் இரண்டு தேறின. அவற்றைக் காப்பாற்றுவது அவருக்கு ஒரு வேலையாயிற்று. மண்ணைக் குறைத்து, பொடிக்கல்லும் கரித்தூளும் கலந்து, துண்டுகளைப் புதைக்காமல் மேலாகச் சுருட்டி வைத்தார். கணுவுக்குக் கணு வெள்ளை வேர் இறங்கியது. சுத்திகரிப்புக்காக ரத்தக்குழாய்களை இணைத்து அறுவை செய்திருந்த அவர் இடது கையில் பாரம் ஏற்றக்கூடாது; அந்தக் கையைத் தொட்டால் உள்ளே பூனை உறுமுவது போலிருக்கும். ஆகவே தொட்டியைத் தொங்கவிடும் பணி எனக்கு. ஸ்டூலில் நான் ஏறியதைப் பார்த்து, "மாப்ள, நீ பாலிசி எடுத்திருக்கேல்ல?" என்று அக்கறையாக விசாரித்தார்.

செடிக்கு எப்போது தண்ணீர் என்பதற்கு அவர் நாள்கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. ஒரு பட்டாணியை இரண்டு விரலால் அழுத்திப் பார்ப்பார். கெட்டியாக இருந்தால் தாகமில்லை. சுருங்கி, மெத்தென்று உள்வாங்கினால் ஊற்றலாம். "அங்க நர்சு என் காலை அழுத்திப் பார்க்கிறா. குழி விழுந்தா தண்ணி ஜாஸ்தி. இங்க குழி விழுந்தா தண்ணி பத்தல. அவ்வளவுதான் எங்க ரெண்டு பேருக்கும் வித்தியாசம்." ஊற்றும் நாளில் தன் தண்ணீரை அளக்கும் அதே கிண்ணத்தால் ஊற்றுவார். அது அடிவழியே வடிந்து, கீழே வைத்த தட்டில் ஒழுகி நிற்பதை வெகுநேரம் பார்ப்பார். உள்ளே போன தண்ணீர் வெளியே வருவதை ஒரு மனிதர் அத்தனை ஆசையோடு பார்த்து நான் வேறெங்கும் கண்டதில்லை. பிறகு கொசு முட்டையிடாமல் தட்டைக் கவிழ்த்துத் துடைத்துவிடுவார்.

அப்படியொரு நாளில்தான் குரலைத் தணித்துச் சொன்னார். "உங்க அக்கா தண்ணி குடிச்சு நான் பார்த்து ரொம்ப நாளாச்சு. எனக்கு ஆசை வந்துடுமாம். கிச்சனுக்குப் போயி, முதுகைக் காட்டிக்கிட்டு, டம்ளர் வைக்கிற சத்தம்கூட வராமக் குடிக்கிறா. திருடி." மற்றவர்கள் கண்ணே என்று சொல்லும் தொனியில் அந்தத் திருடியைச் சொன்னார்.

அதன்பின் வந்த தீபாவளியை நான் மறக்கமுடியாது. முந்தின தீபாவளிக்கு அத்தான் போன வீட்டிலெல்லாம் மரியாதைக்கு ஒரு வாய் குடித்திருந்தார். மறுநாள் மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தார், நுரையீரலில் தண்ணீர். அடுத்தமுறை இப்படி வந்தால் திரும்பிப் போவீர்கள் என்று எங்களால் சொல்லமுடியாது என்றார் மருத்துவர். அதனால் இந்த வருஷம் எங்கும் போகவேண்டாம் என்றாள் அக்கா. அத்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "யார் வீட்டுக்கும் போகாம நாலு சுவத்துக்குள்ள உட்கார்ந்திருக்கிறதுக்குப் பேரு தீபாவளியாடி? அதுக்கு அந்த மெஷினையே இங்க கொண்டாந்து வை, கட்டிப்புடிச்சுப் படுத்துக்கிறேன்." அக்கா உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வந்தாள். கார் ஓட்ட என்னைக் கூப்பிட்டாள்.

முதல் வீட்டிலேயே தட்டில் பண்டோங் வந்தது. அத்தான் வழக்கப்படி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வேண்டாம் என்று சொல்லும் தசையே அவர் நாக்கில் கிடையாது. அந்த வீட்டுக்காரர் மிக்ஸர் எடுக்கத் திரும்பினார். அக்கா தன் டம்ளரை ஒரே மூச்சில் முடித்துவிட்டு, காலி டம்ளரை அத்தான் கையில் கொடுத்து, நிறைந்ததைத் தன் கைக்கு மாற்றிக்கொண்டாள். கண் சிமிட்டும் நேரம்தான். வீட்டுக்காரர் திரும்பியபோது அத்தான் காலி டம்ளரோடு, "அருமை!" என்றார். அக்கா இரண்டாவதைக் குடித்துக்கொண்டிருந்தாள்.

அன்று போன வீடெல்லாம் அப்படித்தான். எங்கள் அக்கா எவர் வீட்டிலும் கூச்சத்தில் பாதி டம்ளருக்கு மேல் குடிக்காதவள். சுவாசுகாங்கில் கோப்பி, ஈசூனில் மோர், எல்லாம் இரண்டிரண்டு. ஒவ்வொரு வீட்டிலும் கிளம்பும் முன் கழிவறை எங்கே என்று கேட்டாள். காரில் முன்சீட்டில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "பள்ளத்துல விடாம ஓட்டுடா," என்றாள். அத்தான் பின்சீட்டில் கண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்.

கடைசி வீடு தேக்கா சந்தையை ஒட்டிய புளோக்கில். கணவர் இறந்தபோது காப்பீட்டுப் பணத்துக்காக அத்தான் நடையாய் நடந்து உதவிய ஒரு வயதான அம்மா. இஞ்சி தட்டிப்போட்ட தேநீரைத் தானே கொண்டுவந்து, எதிரிலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். பார்வை நகரவில்லை.

"குடிங்க தம்பி. உங்களுக்குன்னு போட்டது."

அத்தான் டம்ளரை உதட்டருகே கொண்டுபோனார். அன்றைய பாட்டில் காலையிலேயே முடிந்துவிட்டது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். அக்கா எழுந்தாள். மறைக்கவில்லை. நேராகப் போய் அவர் கையிலிருந்து டம்ளரை வாங்கினாள். "அம்மா, இவருக்குத் தண்ணி ஆகாது. உடம்புல நிக்குது. எனக்குக் கொடுத்தா இவருக்குக் கொடுத்த மாதிரி நினைச்சுக்கங்க," என்று சொல்லி, நின்றபடியே, சூட்டைப் பொருட்படுத்தாமல் அதைக் கடைசிச் சொட்டுவரை குடித்தாள். அந்த அம்மா எழுந்து வந்து அக்காவின் கன்னத்தைத் தடவினார். அத்தான் குனிந்து தன் வெறும் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அன்று முழுவதும் சிரித்த சிரிப்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

அந்தத் தீபாவளிக்கு மறுநாள் ஆஸ்பத்திரி இல்லை. பூஜைத் தண்ணீரும் அதற்குப்பின் செடிக்குப் போகவில்லை, அக்காவே குடித்துவிட்டாள். கொடி தரையைத் தொடப் பார்த்தது. அத்தானும் நாங்கள் பயந்ததைவிட வெகுகாலம் இருந்தார். பின்னொரு நாள், காலையில், சுத்திகரிப்புக்குக் கிளம்பச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தவர் கட்டிலில் உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. இதயம் என்றார்கள். அக்கா முதலில் கேட்டது, "தண்ணியாலயா?" என்றுதான். இல்லை என்று மருத்துவர் சொன்னார். அவள் தலையாட்டினாள். அந்த ஒரு பதிலை நம்பித்தான் அவள் பிழைத்துக் கிடக்கிறாள் என்று நினைக்கிறேன்.

காரியம் முடிந்த பிறகு தொட்டியையும் கிண்ணத்தையும் ஒரு பையில் போட்டு என்னிடம் நீட்டினாள்.

"நீயே வச்சிருக்கலாமே அக்கா. அத்தான் ஞாபகமா."

"வேணாம்டா. இனிமே என் கை நிக்காது, ஊத்திருவேன். நீ சோம்பேறி. உன்கிட்ட பொழைச்சுக்கும்."

என் குணத்துக்கு இதுவரை கிடைத்த ஒரே நற்சான்று அதுதான்.

செடி பிழைத்துக்கொண்டது. அவ்வப்போது ஒரு பட்டாணியை அழுத்திப் பார்ப்பேன். கெட்டியாக இருந்தால் என் வேலையைப் பார்க்கப் போய்விடுவேன், அதாவது நாற்காலிக்கு. மெத்தென்று உள்வாங்கினால் உட்லண்ட்ஸுக்கு ஃபோன் செய்வேன். "அக்கா, தாகம் வந்துடுச்சு." அவள் ரயிலேறி வருவாள். முந்தாநாளும் வந்தாள். செருப்பைக் கழற்றியதும் நேராக ஜன்னலுக்குப் போய், தானும் ஒருமுறை அழுத்திப் பார்த்து உறுதி செய்துகொண்டு, கிண்ணத்தைக் கோடு வரை நிரப்பினாள். கோடு அழிந்த இடத்திலும் அவள் விரலுக்கு அளவு தெரியும். கொடி நனையாமல் மண்ணில் மட்டும் சுற்றிவர ஊற்றினாள். தண்ணீர் அடியில் சொட்டும்வரை நின்று பார்த்தாள். தட்டைக் கவிழ்த்துத் துடைத்தாள்.

வெயிலில் வந்தவள். கூடத்தில் உட்காரவைத்து ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். பேசிக்கொண்டே எழுந்தாள். டம்ளரை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய், எனக்கு முதுகைக் காட்டி நின்று குடித்தாள். டம்ளர் வைக்கிற சத்தம் கேட்கவில்லை. திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தாள்.

அவள் போனபிறகு சமையலறைக்குப் போனேன். கிண்ணத்தைக் கழுவி ஜன்னல் விளிம்பில் கவிழ்த்து வைத்திருந்தாள், காய்வதற்கு.