பதினோரு மணி வெயில்

பொய் சொல்லணும்னு நான் ஆரம்பிக்கவே இல்ல. உண்மையைச் சொல்லத்தான் வாயைத் தொறந்தேன். எவனும் ஒழுங்கா காது குடுத்துக் கேக்கல, அதுக்கு நான் இன்னா பண்றது?

ஒரு கண்ணு மங்கி, ரெண்டு பாதமும் மரத்துப்போய், ஸ்கேன் மேல ஸ்கேன் எடுத்து, கடைசியில நரம்பு டாக்டர் எனக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்னு சொன்னாரு. சுருக்கமா எம்.எஸ். உடம்பைக் காவல் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தியே மூளையிலயும் தண்டுவடத்துலயும் நரம்பு மேல கீற உறையைக் கடிச்சு வெக்குதாம். மாசம் ஒரு ஊசி, விடவே கூடாது. அது போதாதுன்னு ரத்தத்துல வைட்டமின் டி வேற அடிமட்டத்துல கெடக்குது. "டி கொறைஞ்சவங்களுக்கு இது வர்றது கொஞ்சம் ஜாஸ்தின்னு தெரியுது. ஆனா டி-யை ஏத்தினா இது அடங்குமான்னு இன்னும் அடிச்சுச் சொல்ல முடியல. கொறைவா இருக்கு, வாரம் ஒரு மாத்திரை போடுங்க. ஊசிக்குப் பதிலா இல்ல, ஊசியோட"ன்னாரு. கிளம்பும்போது இன்னொண்ணும் சொன்னாரு. உடம்பு சூடேறினா காலு தடுமாறும், கண்ணு மங்கும், ஆறினா தன்னால சரியாயிடும். அதனால வெயில்ல ரொம்ப நிக்கக் கூடாது.

ஆவடியில குடியிருக்கிறவனுக்கு வெயில் பத்தாம டி கொறைஞ்சுபோச்சாம். ஏரிக்கரையில ஊட்டைக் கட்டிகினு தண்ணி லாரிக்குப் போன் போட்ட கதைதான். ஆனா நான் அம்பத்தூர் எஸ்டேட்ல லேத்து ஓட்றவன். இருட்டுல டிரெயின் ஏறி இருட்டுல எறங்குறேன். ஞாயித்துக்கெழமை தவிர சூரியனுக்கும் எனக்கும் பேச்சு வார்த்தை கெடையாது.

மொதல்ல பக்கத்து மிஷின்ல கீற சிநேகிதன்கிட்ட சொன்னேன். "மச்சான், எனக்கு எம்.எஸ்.ஸாம்டா." அவன் தலையைத் தூக்காமலே, "எத்தினி எம்.எம். ராடு?"ன்னு கேட்டான். எங்க பட்டறையில எம்.எஸ்.னா மைல்ட் ஸ்டீல். வேற அர்த்தம் அவனுக்கு எங்கேர்ந்து தெரியும்?

சரின்னு டீக்கடையில தமிழ்லயே, "நரம்புல கோளாறு மாஸ்டர்"ன்னேன். அவரு டீ ஆத்தறதை நிறுத்திட்டு சுத்தும்முத்தும் பார்த்தாரு. ஸ்டேஷன் சுவத்துல ஒரு நம்பர் போட்டிருக்குதே, லாட்ஜுல ரூம் போட்டு நரம்புத் தளர்ச்சிக்கு வைத்தியம் பார்க்கிறாரே, அவருக்குப் போன் பண்ணுன்னு காதுல ஓதினாரு. கல்யாணமாகி மூணு வருஷம் ஆனவன் இதுக்கு மேல வாயைத் தொறப்பானா?

ஊட்டுக்கு வந்தா பொண்டாட்டி கேக்குறா, "டாக்டர் இன்னா சொன்னாரு?"

"வைட்டமின் டி கொறைச்சலாம்."

அதுல பொய் எங்க கீது? பாதிதான் சொன்னேன், அவ்ளோதான். மீதியைச் சொன்னா அவ என்னைப் பார்க்கிற பார்வையே மாறிடும்னு பயம். எனக்கு ஒரு தும்மல் வந்தாலே கஷாயம் போட அடுப்பைப் பத்த வெக்கிற ஆளு அவ. ஊசிக்குப் போற அன்னிக்கெல்லாம் ஓவர்டைம்னு சொல்லிட்டுப் போனேன்.

அவ வெள்ளானூர்க்காரி. பரம்பரையா வெயில்ல நின்னு நெல்லு அறுத்த குடும்பம். "ப்பூ, வெயில்தானே"ன்னா. போன்ல ஏதோ வீடியோவைப் பார்த்துட்டு, காலை வெயிலெல்லாம் தண்டம், பதினோரு மணி வெயில்லதான் டி கீதுன்னு தீர்ப்பு எழுதிட்டா. அதுலேர்ந்து ஞாயித்துக்கெழமையானா மொட்டை மாடியில ஒரு பக்கம் வடகம், ஒரு பக்கம் நான். பனியனைக்கூட உட்டு வைக்கல. எதிர் ஊட்டு அக்கா அவங்க மாடியிலேர்ந்து, "ஒரு பக்கம் காஞ்சிடுச்சு, திருப்பிப் போடும்மா"ன்னு கொரல் குடுக்கும். வேணாம்னு சொல்ல எனக்கு வழியில்ல. சொன்னா ஏன்னு கேப்பா. அதனால தண்ணி டேங்க் நெழல்ல பதுங்குவேன், ஈரத் துண்டைத் தொப்பிக்குள்ள மடிச்சு வெப்பேன். துண்டை ஒரு நாள் கண்டுபுடிச்சு, "திருட்டுப் பூனை"ன்னு புடுங்கிகினு போயிட்டா.

மறுபடி ரத்தம் பார்த்தப்போ டி நல்லா ஏறியிருந்துச்சு. மாத்திரை பண்ண வேலை. ஆனா அவ தெரு முழுக்க, "எல்லாம் நான் காய வெச்சதுதான்"ன்னு பீத்திகினா. நானும் ஆமா ஆமான்னேன்.

அந்தத் தெம்புல, அக்னி நட்சத்திரத்துல ஒரு ஞாயித்துக்கெழமை, "இன்னிக்கு அரைமணி சேத்து நில்லு"ன்னா. நின்னேன். எறங்கும்போது மூணாவது படியில காலு ரெண்டும் என் பேச்சைக் கேக்கல. கண்ணுல புகை மூட்டம். மீதிப் படியை உக்காந்தபடியே எறங்கினேன். அவ ஓடியாந்து அக்குள்ல கை குடுத்து என்னை பாத்ரூமுக்கு இழுத்துகினு போனா, பக்கெட் பக்கெட்டாத் தண்ணி ஊத்தினா. கொஞ்சம் கொஞ்சமா காலு திரும்பிச்சு. கண்ணும் தெளிஞ்சுச்சு. மொதல்ல தெளிவாத் தெரிஞ்சது அவ மூஞ்சி. ஈரத் தரையில உக்காந்துகினு தலையில அடிச்சுக்கிறா.

"நான்தான் பண்ணேன். வேணாம் வேணாம்னு மூஞ்சிய சுளிச்சியே, கேட்டனா? நல்லா இருந்த ஆளை நானே முடமாக்கிட்டேனே."

இதை நான் எதிர்பார்க்கவே இல்ல. மாட்டிக்குவேன்னு தெரியும், திட்டு வாங்குவேன்னு தெரியும். என் பொய்க்கு அவ தன்னையே அடிச்சுக்குவான்னு தோணவே இல்ல. கையைப் புடிச்சு நிறுத்தி எல்லாத்தையும் சொன்னேன், வியாதியோட பேரு, ஊசி, ஓவர்டைம், சூடு பட்டா இப்படி ஆவும்னு டாக்டர் சொன்னது எல்லாத்தையும்.

"அப்போ இது என்னால இல்லையா?"

"இல்ல."

"அப்பாடா"ன்னா.

புருஷனுக்கு ஆயுசுக்கும் போவாத வியாதின்னு கேட்டுட்டு ஒரு பொம்பளை அப்பாடான்னு மூச்சு உட்டா. அப்படி உட வெச்சவன் நான். வெக்கமா இருந்துச்சு.

அப்புறம்தான் மீதி அவளுக்கு உறைச்சுது. எழுந்து போய் குழாயை இறுக்கி மூடினா. கெட்ட வார்த்தையா வரப்போவுதுன்னு நானும் தலையைக் குனிஞ்சு ரெடியா உக்காந்திருந்தேன்.

"எத்தினி மாசமா தெரியும் உனக்கு?"

"அஞ்சு மாசம்."

"அஞ்சு மாசமும் தனியாவாய்யா பயந்துகினு இருந்த?"ன்னு கேட்டா.