தசரதனின் வலது முட்டி

தசரதனின் வலது முட்டிக்குக் காலையில் ஒரு பேச்சு, சாயங்காலம் ஒரு பேச்சு. விடிந்து எழுந்தால் மடங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும். மாரிகுப்பத்து மூங்கில் தட்டி வீட்டுக்குள் நாலு நடை நடந்தால் சமர்த்தாக இளகிவிடும். "காலு எப்டிகீதுய்யா?" என்று மனைவி கிருஷ்ணம்மா கேட்பாள். "சரியாயிட்டுது" என்பான். பொய்யில்லை. அந்தப் பாழாய்ப்போன முட்டி காலை வேளையில் அவனையும் சேர்த்துத்தான் ஏமாற்றியது.

குடியாத்தம் பக்கத்திலிருந்து தங்கச் சுரங்கத்துக்கு வந்த நாள் முதல் அவனுக்கு உளி பிடிக்கிற வேலை. பாறையில் வலது முட்டியை ஊன்றி அவன் உளியைப் பிடிக்க, இன்னொருவன் சம்மட்டியால் அடிப்பான். ஒருமுறை கல் சரிந்து அதே முட்டியில் விழுந்தது. ஆறிவிட்டது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். நாற்பது தாண்டியதும் தொல்லை ஆரம்பித்தது. மடக்கினால் நறநறவென்று சத்தம். ஏணி ஏறினால் உயிர் போகும், உட்கார்ந்தால் தணியும். மூட்டோரம் எலும்பு புடைத்து, கால் வளையத் தொடங்கியது. சுரங்கத் தண்ணீரில் நின்று நின்று வந்த வாதம் என்று அவனே முடிவுகட்டிக்கொண்டான்.

ஆஸ்பத்திரியில் காயங்களுக்குக் கட்டுப்போடும் டிரஸ்ஸர் நேசமணி முட்டியை அழுத்திப் பார்த்தார். "தண்ணியால வந்தது இல்லப்பா இது. எலும்பு முனையில மெத்தையாட்டம் ஒண்ணு இருக்கும். ஒனக்கு அது தேஞ்சுபோச்சு, எலும்போட எலும்பு ஒரசுது. ஏணி ஏறாதே. சுரங்கத்துக்கு வெளிய, மேல வேலை கேளு."

கேட்டால் கிடைத்திருக்கும். ஆனால் கீழே சம்மட்டி அடித்தவன் முனிரத்தினம், கிருஷ்ணம்மாவின் ஒரே தம்பி. "என் கண்ணு முன்னாலயே வெச்சிக்கிறேன்" என்று அவளுக்கு வாக்குக் கொடுத்துத் தசரதன்தான் அவனை ஊரிலிருந்து கூட்டிவந்திருந்தான். முன்பின் தெரியாதவனோடு அவனை அந்த இருட்டுக்குள் அனுப்ப மனம் வரவில்லை. டிரஸ்ஸர் சொன்னதை யாரிடமும் மூச்சுவிடவில்லை.

உளியால் குடைந்த துளைகளில் மருந்து நிரப்பி வெடி வைப்பது ஷிப்ட் முடிகிற நேரத்தில். மூத்தவன் முதலில் ஏணியேறி, மேலடுக்குச் சுரங்கப்பாதையான மேல் லெவலுக்குப் போய்க் குரல் கொடுக்க வேண்டும். அந்தக் குரல் கேட்ட பிறகே கீழே நிற்பவன் திரியைப் பற்றவைத்துவிட்டு ஏறுவான். ஒருவன் ஏறினால் இன்னொருவன் தாண்டிப்போக முடியாத ஏணி அது.

பகலெல்லாம் ஊன்றிய முட்டி சரியாக அந்த நேரத்தில்தான் வீங்கிக் கிடக்கும். "இன்னா மாமா, ஏணியிலயே தூங்கிட்டியா?" என்று கீழேயிருந்து முனிரத்தினம் கிண்டல் செய்வான். தசரதனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. சில படிகள் மிச்சமிருக்கும்போதே "ஏறிட்டேன்டா!" என்று கத்தப் பழகிக்கொண்டான். சில படிதானே, என்ன ஆகிவிடப் போகிறது? நாளாக ஆக அந்தச் சில படி, பாதி ஏணியாயிற்று.

மழைக்காலத்தில் ஒரு நாள் அப்படித்தான் பாதி ஏணியில் நின்று, "ஏறிட்டேன்டா!" என்றான். அடுத்த படிக்குக் காலைத் தூக்கினான். முட்டி பூட்டிக்கொண்டது. நீட்டவும் வரவில்லை, மடக்கவும் வரவில்லை. "இருடா, வெக்காதே!" என்று அலறுவதற்குள் கீழே திரி சீறத் தொடங்கிவிட்டது.

விறுவிறுவென்று ஏறிவந்த முனிரத்தினத்தின் தலை அவன் பாதத்தில் இடித்தது.

"மாமா! இன்னா, இங்கியே கீறே?"

"காலு வரமாட்டேங்குதுடா."

அந்தப் பிள்ளை ஒரு வார்த்தை திட்டவில்லை. மாமனுக்கு அடியில் தோளைக் கொடுத்துப் படிப்படியாக நெம்பித் தள்ளினான். தசரதன் மேல் லெவலில் குப்புற விழுந்தான். புரண்டு கையை நீட்டினான். அந்தக் கையை முனிரத்தினம் பிடிக்கும் முன்பே வெடித்தது.

காரியமெல்லாம் முடிந்து ஒரு காலையில், கிருஷ்ணம்மா உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுக்க வந்தாள். தம்பியைப் பறிகொடுத்தவள், புருஷனாவது மிஞ்சினானே என்றிருந்தாள். அழுது வீங்கிய முகத்தோடு, பழக்கத்தில் கேட்டாள்.

"காலு எப்டிகீதுய்யா?"

நாலு நடை நடந்திருந்தான். முட்டி இளகித்தான் இருந்தது. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

"மேல போவறதுக்கு முன்னாலயே ஏறிட்டேன்னு சொன்னேன் கிஷ்ணம்மா. தெனமும் அப்டித்தான் சொன்னேன். ஏணி ஏறாதேன்னு டிரஸ்ஸர் சொன்னாரு. ஒங்கிட்ட சொல்லல. அவங்கிட்டயும் சொல்லல."

கையிலிருந்த சூட்டு முடிச்சை அவள் முட்டியில் வைக்கவில்லை. கீழே வைத்தாள்.

"வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அவனே ஒன்ன தோள்ல தூக்கினு வந்திருப்பானேய்யா."

அப்படித்தான் தூக்கிவந்தான் என்று அவளிடம் சொல்லத் தசரதனுக்கு வாய் வரவில்லை.