அப்பா ஏறி இறங்கிய கார்

ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவன் பழைய சொகுசுக் கார் வாங்கினால் எங்கள் பக்கத்தில் இரண்டே காரணம்தான் சொல்வார்கள். ஒன்று, லாட்டரியில் நம்பர் அடித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் புத்தி கெட்டிருக்க வேண்டும். எனக்கு இருந்தது இடுப்பு வலி. அதை யாரும் நம்பவில்லை.

என் நாள் இப்படித்தான் போகும். காலையில் மம்பாவ் வீட்டிலிருந்து கிளம்பி செனவாங்கில் தொழிற்சாலை. அங்கே கிடங்கில் பல வருஷம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டி இடுப்பைக் கெடுத்துக்கொண்டு, இப்போது அதை ஓட்டுகிறவர்களை மேய்க்கிற வேலையில் இருக்கிறேன். சாயந்திரம் வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போக முடியாது. பெடாஸைத் தாண்டி உள்ளே இருக்கும் தோட்டத்துக்குப் போக வேண்டும். அங்கே தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிக் கொடுத்த லயத்து வீட்டில் அப்பா தனியாக இருக்கிறார். சர்க்கரை நோய். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் ஊசி போட வேண்டும். கை நடுங்குவதால் அவரால் போட்டுக்கொள்ள முடியாது. பக்கத்து வீடுகளில் இப்போது வங்காளதேசத்து ஆட்கள் இருக்கிறார்கள். நல்லவர்கள்தான், ஆனால் ஊசியைக் கண்டால் ஓடிவிடுகிறார்கள். ஆகவே நான்தான் போட்டு, அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை கூட இருந்து, பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு மறுபடி மம்பாவ் வர வேண்டும். ஞாயிறு, தீபாவளி, எனக்கே காய்ச்சல், எதற்கும் லீவு கிடையாது.

"எங்களோட வந்து இருங்கப்பா" என்று நான் கெஞ்சாத வாரமில்லை. அம்மா போன பிறகு அவரை அந்த வீட்டில் கட்டிப்போட ஒன்றும் இல்லை என்று எனக்கு நினைப்பு. மம்பாவில் முன்னறையை ஒழித்துக் கட்டில் போட்டாயிற்று. பிடித்து எழுவதற்குக் குளியலறைச் சுவரில் கம்பி அடித்தாயிற்று. அப்பா ஒரே பதில்தான் வைத்திருந்தார்.

"ஒன் காடியில என்னால குந்த முடியாதுடா."

என்னிடம் இருந்தது சின்ன உள்ளூர் கார். அப்பாவின் வலது முட்டி மடங்காது. ஒருமுறை சிரம்பான் ஆஸ்பத்திரிக்கு அதில் கூட்டிக்கொண்டு போனபோது வழி நெடுக முனகினார். கோழிக்கூண்டு என்று பெயரும் வைத்தார். அந்தக் கோழிக்கூண்டில்தான் நானும் தினமும் அவ்வளவு தூரம் போய் வந்துகொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து நின்றால் உடனே இறங்க முடியாது. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, இடுப்பு சம்மதிக்கும்வரை உட்கார்ந்திருப்பேன். மனைவி ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு சோறு சுட வைக்கப் போவாள்.

சிரம்பானில் பழைய கார் விற்கும் கடை ஒன்றில் அந்த வண்டியைப் பார்த்தேன். கருப்பு நிறம், நீள உடம்பு, கருங்கண்ணாடி. ஜெர்மன்காரன் செய்தது. ஒரு காலத்தில் பெரிய மனுஷன் யாரோ பின் சீட்டில் உட்கார்ந்து போயிருப்பான். மீட்டரில் இரண்டு லட்சத்துச் சொச்சம் கிலோமீட்டர். கடை முதலாளியான சீனத் தவுக்கே, "ஹைவே மைலேஜ், பாஸ்" என்றார். எல்லாத் தவுக்கேகளும் அதைத்தான் சொல்வார்கள். நான் ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்தேன். இடுப்பு பேசாமல் இருந்தது. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அது பேசாமல் இருந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. தவுக்கேக்கு அது விலையைப் பற்றிய அழுகை என்று பட்டிருக்க வேண்டும். கொஞ்சம் குறைத்துக் கொடுத்தார்.

மனைவி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். "இது நம்ம வீட்டுக்கு வந்திருக்கா, இல்ல வழி தெரியாம நிக்குதா?" என்று கேட்டாள். அப்புறம் கோயிலுக்குக் கொண்டுபோய் எலுமிச்சம்பழம் நசுக்கிச் சந்தனம் வைத்தோம். மறுநாள் காலையில் பார்த்தால் வண்டி முன்பக்கம் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு தரையோடு தரையாகப் படுத்திருந்தது. காற்றில் நிற்கிற சஸ்பென்ஷனாம். ராத்திரியெல்லாம் காற்று கசிந்திருக்கிறது.

பழைய சொகுசுக் காரைத் தினமும் ஓட்ட நினைக்கிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதன் விலைதான் பழையது, சாமான் விலை புதுசு. அதுவும் கடையில் இருக்காது, சொல்லிவைத்துக் காத்திருக்க வேண்டும். முதலில் காற்றுப் பை, பிறகு தண்ணீர் பம்ப், பிறகு கியர் பெட்டியில் எண்ணெய் ஒழுகல். முக்கால்வாசி நாள் வண்டி பட்டறையில் கிடந்தது. நான் பழையபடி கோழிக்கூண்டில் போய் வந்தேன். வேலையிடத்தில், பட்டம் வாங்கிய பெரிய மனுஷனைக் கூப்பிடுகிற மாதிரி, "என்னா டத்தோ, டிரைவர் லீவா?" என்று கேட்டார்கள். சிரித்து வைத்தேன். சண்டை போடத் தெம்பில்லை. உண்மையில் எனக்கு அந்த மாதங்களில் எதற்குமே தெம்பில்லை. பட்டறை, தொழிற்சாலை, தோட்டம், ஊசி, வீடு. ஒருநாள் நெடுஞ்சாலையில் கண் சொக்கி வண்டி ஓரக்கோட்டைத் தாண்டிப் போய்விட்டது. இனிமேல் அப்பா மம்பாவ் வந்தால்தான் நான் பிழைப்பேன் என்று அன்றைக்கு எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

வண்டி ஒருவழியாகத் தேறி வந்ததும் அப்பாவிடம் சொன்னேன். "பெரிய காடிப்பா. காலை நீட்டிக்கிட்டே வரலாம். இதுக்கு மேல சாக்கு சொல்லாதீங்க."

அவர் சுவரில் இருந்த அம்மா படத்தைப் பார்த்தார். "சரி, ஒரு மாசம் இருந்து பாக்கறேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் போனேன். அப்பா குளித்து, வெள்ளைச் சட்டைக்குக் கழுத்துவரை பொத்தான் போட்டுத் தயாராக இருந்தார். ஒரு துணிப்பை. துண்டில் சுற்றிய அம்மா படம். முன் சீட்டைக் கடைசிவரை பின்னுக்குத் தள்ளிக் கொடுத்தேன். ஏறி உட்கார்ந்து காலை நீட்டினார். முட்டியைத் தடவிப் பார்த்தார். வலிக்கவில்லை போலிருக்கிறது.

"இது காடி" என்றார்.

எனக்கு அவ்வளவு சந்தோஷம். இனி ராத்திரி நேராக வீட்டுக்குப் போகலாம், அப்பாவுக்கு எங்கள் வீட்டு மேசையிலேயே ஊசி போடலாம், எட்டு மணிக்கெல்லாம் படுக்கலாம். இதையெல்லாம் நினைத்துக்கொண்டே செம்மண் சாலையில் மெதுவாக ஓட்டினேன். இரண்டு பக்கமும் பாமாயில் எடுக்கும் செம்பனை. அந்தச் சாலையின் குழிகள் ஒவ்வொன்றும் என் இடுப்புக்குப் பழக்கம். அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை.

வளைவில் எதிரே ஒரு சைக்கிள் வந்தது. அப்பாவின் கூட்டாளி. ரப்பர் மரம் இருந்த காலத்தில் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து நிரையில் பால் வெட்டியவர்கள், அதற்குப் பிறகு சேர்ந்தே செம்பனைக் குலை வெட்டியவர்கள். கடையில் ரொட்டி வாங்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். எங்கள் வண்டியைப் பார்த்ததும் பிரேக் பிடித்தார். சிரமப்பட்டுக் காலைத் தூக்கி இறங்கினார். சைக்கிளைப் புல்லோரமாக இழுத்து நிறுத்தினார். தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்து நின்றார்.

அந்தக் காலத்தில் தோட்டத்துத் துரையின் கார் வந்தால் சைக்கிளில் போகிறவன் இறங்க வேண்டும். தலையில் இருப்பதைக் கழற்ற வேண்டும். கார் போய் மண் அடங்கிய பிறகுதான் ஏற வேண்டும். வெள்ளைக்காரத் துரை இருந்தபோது இருந்த சட்டம், அவன் போன பிறகும் வெகுகாலம் ஓடியது. அப்பா என்னைச் சைக்கிள் பாரில் உட்கார வைத்துப் போகும்போது என்னையும் இறக்கி நிறுத்துவார். இப்போதைய மேனேஜர் பிக்கப்பில் வருகிறார், அவருக்கு யாரும் இறங்குவதில்லை. நான் அந்த வழக்கம் செத்துவிட்டது என்றே நினைத்திருந்தேன். கருப்பு நிறத்தில் நீளமாக, உள்ளே இருப்பவர் தெரியாமல் ஒரு வண்டி அந்தச் சாலையில் வந்து எத்தனை காலமோ. கூட்டாளியின் உடம்பு அவரைக் கேட்காமலே இறங்கிவிட்டது.

"நிறுத்து" என்றார் அப்பா. "நிறுத்துடா!"

நிறுத்தினேன். கதவைத் திறக்கும் பிடி எங்கே என்று அவருக்குத் தெரியவில்லை. நான் எட்டித் திறந்துவிட்டேன். கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். கூட்டாளி இன்னும் நிமிரவில்லை.

"மச்சான், நான்தான்டா."

அவர் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தார். காரைப் பார்த்தார். தொப்பியைப் போட்டுக்கொண்டார். "அட, நீயா! யாரோ பெரிய தொரைன்னு நெனச்சிட்டேன் லா" என்று சிரித்தார். நானும் உள்ளேயிருந்து சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை. போய் அவருடைய சைக்கிள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏறுங்கப்பா, போலாம்."

"நீ போ. நான் வரல."

எனக்கு வந்த கோபத்தில் இறங்கி நடுச்சாலையில் நின்று கத்தினேன். யாருக்காக இந்தப் பிணத்தை வாங்கி பட்டறை பட்டறையாகத் தூக்கிக்கொண்டு அலைந்தேன் என்றேன். என் இடுப்பைப் பற்றிச் சொன்னேன். நெடுஞ்சாலையில் கண் சொக்கியதைச் சொன்னேன். என்னால் இனிமேல் முடியாதுப்பா என்றேன். கூட்டாளி செம்பனை மரங்களை மிகவும் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா நான் முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு எனக்குப் பக்கத்தில் வந்து, கூட்டாளிக்குக் கேட்காத மாதிரி சொன்னார்.

"அவன் எறங்கி நின்னான் பாரு. ஒரு நிமிசம் எனக்கு நல்லா இருந்துச்சுடா."

நான் திறந்து கிடந்த கார்க் கதவைச் சாத்தினேன்.

"அதான் எறங்கிட்டேன்" என்றார்.

சைக்கிளை நடுவில் விட்டு இரண்டு பேரும் லயத்தைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்கள். அந்தச் சாலையில் அவ்வளவு நீள வண்டியைத் திருப்ப இடமில்லை. கழுத்தைத் திருப்பிக்கொண்டு, வண்டியை ரிவர்ஸிலேயே ஓட்டி, மெதுவாக அவர்களைத் தொடர்ந்து லயம்வரை போனேன். அப்பாவின் பையை இறக்கி வைத்துவிட்டு, ஊசி போடும் நேரம் ஆகும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.