மூன்றாவது வளைவில் வந்த மாரடைப்பு

எழுபதுகளின் கடைசியில் ஜவ்வாது மலையில் எனக்கு டீச்சர் வேலை. சொந்த ஊர் கணியம்பாடி. வெள்ளிக்கிழமை பஸ்ஸில் மலையிறங்கி, திங்களன்று மலையேறுவேன். ஒரு திங்களன்று மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் எனக்கு மாரடைப்பு வந்தது. அப்படித்தான் நினைத்தேன். நெஞ்சு படபடத்தது, விரல்கள் மரத்தன, மூச்சு உள்ளே போக மறுத்தது.

"நிறுத்துங்க, சாவப் போறேன்!" என்று கத்தினேன்.

இறங்கிப் பாறைமேல் உட்கார்ந்தேன். பத்து நிமிடத்தில் எல்லாம் அடங்கிவிட்டது. பஸ்ஸே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இன்னா டீச்சர், சாவலியா? அப்ப ஏறுங்க, நேரமாவுது" என்றார் கண்டக்டர்.

அடுத்த வாரமும் அங்கேயே வந்தது. ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். பூசாரி வேப்பிலை அடித்தார். சந்தவாசலில் ஒரு கம்பவுண்டர் சத்து ஊசி போட்டார். இரண்டு நாள் உட்கார முடியவில்லை. பஸ்ஸே வேண்டாம் என்று மலையிலேயே தங்கிவிட்டேன். கடைசியில் அரை நாள் நடந்தே இறங்கி, வேலூரில் ஒரு டாக்டரைப் பார்த்தேன்.

"இதயம் நல்லா இருக்கும்மா. இது பயம். உயிருக்கு ஆபத்து இல்ல. தானா வரும், தானா அடங்கும்" என்றார் அவர். "மூச்சை மெதுவா இழுங்க, அதைவிட மெதுவா விடுங்க. முக்கியமா, பாதி வழியில இறங்காதீங்க. இறங்க இறங்க பயம் பெருசாகும்."

நடந்தே மலையேறி, நான் குடியிருந்த வீட்டுக்கார அம்மாவிடம் இதைச் சொல்லி, உதட்டைக் குவித்து ஊதிக் காட்டினேன். உடனே ஊதாங்குழலை என் கையில் கொடுத்தார்.

"சும்மா காத்த ஏன் ஊதுற? என் அடுப்புல ஊதும்மா."

ஒரு மாதம் அந்த வீட்டுச் சாமைச் சோறு என் வைத்தியத்தில்தான் வெந்தது.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை நடந்தே இறங்கி ஊருக்குப் போய், திங்களன்று மறுபடி பஸ் ஏறினேன். மூன்றாவது வளைவில் நெஞ்சு குதித்தது. கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடி, "நிறுத்தட்டுமா டீச்சர்?" என்றார்.

"வேணாம், போங்க." உதட்டைக் குவித்து நீளமாக ஊதினேன்.

முன் சீட்டுப் பெண் திரும்பினாள். "இன்னாங்க, என் கழுத்துல ஊதுறீங்க?"

விஷயத்தைச் சொன்னேன்.

"இந்த டிரைவர் ஓட்ற ஓட்டுக்கு எனக்குந்தான் நெஞ்சு அடிக்குது. எப்படி ஊதணும், சொல்லுங்க."

மலையுச்சிவரை இருவரும் ஊதிக்கொண்டே போனோம். பஸ் நின்றபோது வேர்வையில் ரவிக்கை நனைந்திருந்தது. அதன் பிறகும் சில மாதங்கள் அந்தப் பயம் வந்து போனது. வந்தால் வரட்டும் என்று விட்டேன், நடுவழியில் இறங்கவில்லை.